டிப்பர் மட்ஃபிளாப்: பிய்ந்தால், வளைந்தால், உரசினால் எங்கே பார்ப்பது

திருவக்கரைப் பக்கத்துக் கிரஷர்களிலிருந்து கடலூருக்கு ஜல்லியும் எம் சாண்டும் ஏற்றிவரும் 10 சக்கர டிப்பர் ஒன்று என்னிடம் இருக்கிறது. வாங்கிய புதிதில் பின்சக்கர மட்ஃபிளாப்பை, அதாவது டயர் எறியும் சேற்றையும் கல்லையும் தடுக்கப் பின்னால் தொங்கும் ரப்பரை, எத்தனை முறை மாற்றினேன் என்று கணக்கு வைக்கவில்லை. வைத்திருந்தால் வீட்டில் சண்டை வந்திருக்கும். ஒவ்வொரு முறையும் ரப்பரைத்தான் திட்டினேன். கனமான ரப்பர் வாங்கி மாட்டினேன். அது முன்னதைவிடச் சீக்கிரம் பிய்ந்தது. பாதிரிக்குப்பத்தில் எனக்கு வெல்டிங் செய்துகொடுக்கும் அண்ணன் ஒரு நாள் அந்தக் கிழிந்த ரப்பரை வாங்கி ஓரமாகப் போட்டுவிட்டு, "தம்பி, இதை ஏன் பார்க்கிறீர்கள்? இது தொங்கிய இடத்தைப் பாருங்கள்" என்றார். அன்றிலிருந்து கீழே கோளாறு தெரிந்தால் மேலே கைவைத்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

கீழே உள்ளவை அந்த வரிசையில்தான் இருக்கின்றன: கண்ணில் என்ன படுகிறது, கை எங்கே போக வேண்டும், கடையில் எதைக் கேட்க வேண்டும். உங்கள் வண்டியின் கோளாறு எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போகலாம். ஒரே ஒரு எச்சரிக்கை எல்லாவற்றுக்கும் பொது. தொட்டியைத் தூக்கிவைத்துக்கொண்டு ஃபிளாப்பைப் பார்க்கக் கீழே குனியாதீர்கள். ஜாக்கி எண்ணெய்க் குழாய் ஒன்று விட்டாலும் தொட்டி இறங்கிவிடும். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் முட்டுக் கம்பியை நிறுத்திய பிறகு கையை நீட்டுங்கள்.

கடையில் ஹோல்டர் கேட்டால் வேறு எதையோ தருகிறார்கள்

ஹோல்டர் என்பது ஃபிளாப் தொங்கும் இரும்புக் கை. இது வண்டியின் கோளாறு இல்லை, பெயரின் கோளாறு. ஐந்து கடையில் "மட்ஃபிளாப் ஹோல்டர்" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் பிளாஸ்டிக் மட்கார்டைக் கவ்வும் கிளாம்பை எடுத்துவைப்பார். இன்னொருவர் வளைத்த பைப் ஒன்றைக் காட்டுவார். மூன்றாமவர் "பட்டறையில் ஆங்கிள் அடித்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிடுவார். பிராக்கெட், ஸ்டே, கிளாம்ப், ஆங்கிள், ஹோல்டர் எல்லாம் ஒரே பொருளைக் குறிக்கும், குறிக்காமலும் போகும்.

காரணம் எளிது. நம் ஊர் டிப்பர்களில் பல, தொட்டி இல்லாத அடிச்சட்டமான சேஸாக வாங்கி வெளியே தொட்டி கட்டியவை. ஃபிளாப் தொங்கும் கையை அந்தத் தொட்டி கட்டும் பட்டறைதான் தன் கணக்குக்கு அடித்து மாட்டியிருக்கும். அதற்கு உதிரிபாக எண் என்று ஒன்று கிடையாது. கடைக்காரர் எந்தப் பட்டியலைப் புரட்டினாலும் வராது. கம்பெனியே தொட்டியோடு கட்டிக்கொடுத்த வண்டியாக இருந்தால் மட்டும் விற்பனை நிலையத்தின் உதிரிபாகக் கவுன்டரில் சேஸ் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொண்டாலே பாதி அலைச்சல் மிச்சம்.

வெளியே தொட்டி கட்டிய வண்டி வைத்திருப்பவர்கள் பொருளின் பெயரைச் சொல்லாமல் அளவைச் சொல்லிக் கேட்க வேண்டும். முதலில், இரட்டை டயரின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை எவ்வளவு அகலம்? 10.00-20 டயர் ஜோடிக்கு ஏறத்தாழ 24 அங்குலம் வரும். ஃபிளாப்பும் அதைத் தாங்கும் கையும் அதற்குக் குறையக் கூடாது. அடுத்து, ஹோல்டர் நிற்கப்போகும் இடத்திலிருந்து தரை வரை உயரம். இதை லோடு ஏற்றிய வண்டியில் எடுங்கள். காலி வண்டியில் அளந்து மாட்டிய ஃபிளாப், லோடு ஏறி ஸ்பிரிங் பட்டை அமுங்கியதும் மூன்று நான்கு அங்குலம் இறங்கித் தரையைக் கூட்டிக்கொண்டு போகும். லோடோடு அளக்கும்போது தரைக்கும் ரப்பரின் அடிவிளிம்புக்கும் ஒரு சாண் இடைவெளி இருந்தால் குவாரிப் பாதைக்குச் சரியாக இருக்கும்.

கடைசியாகச் சேஸில் உள்ள துளைகள். டேப் வைத்து அளப்பவர்கள் பெரும்பாலும் தப்பாக அளக்கிறார்கள். ஓர் அட்டைத் துண்டைச் சேஸின் பக்கவாட்டில் அழுத்திப் பிடித்து, கிரீஸ் பட்ட விரலால் மேலே தேய்த்தால் துளைகளின் வட்டம் அப்படியே அட்டையில் விழும். அந்த அட்டையையும் முறிந்த பழைய ஹோல்டரையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிப் பொருள் வரவழைத்தவர்கள் திருப்பி அனுப்பக் கூலி கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன்.

எங்கே போவது? அடிப்படை ஆங்கிளும் (L வடிவ இரும்பு) பிளாட்டும் (தட்டையான இரும்புப் பட்டை) உள்ளூர்ப் பட்டறையிலேயே முடிந்துவிடும். புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் லாரிகள் நிற்கும் முனையத்தைச் சுற்றி விசாரித்தால் உங்கள் வண்டியைப் போன்ற வேறு வண்டியில் எப்படி மாட்டியிருக்கிறார்கள் என்று கண்ணாலேயே பார்க்கலாம். கடைகளைவிட அந்தப் பார்வைதான் எனக்கு அதிகம் உதவியது. புது ஃபேன்ஸி சாமான் என்றால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பிரித்தெடுத்த பழைய பொருள் என்றால் புதுப்பேட்டை. தொட்டி அலங்காரத்துக்கு நாமக்கல்லை விஞ்ச ஆள் இல்லை. அந்தப் பக்கம் லோடு போகும் நண்பர் இருந்தால் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இணையத்தில் பளபளக்கும் குரோம் ஹோல்டர்கள் நிறைய வரும். அவற்றில் பல அமெரிக்க லாரிகளுக்கானவை. ரப்பர் அகலம் அங்கும் 24 அங்குலம் என்பதால் பொருந்திவிடும் என்று தோன்றும்; சேஸ் துளைகள் பொருந்தாது. விளக்கு சேர்ந்து வந்தால் இன்னொரு வம்பு இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ரப்பர் துளையோடு பிய்ந்து வருகிறது

பிய்ந்த துண்டைத் தூக்கி எறியாதீர்கள். கழுவி, வெளிச்சத்தில் வைத்து, போல்ட் இருந்த துளைகளைப் பாருங்கள்.

துளைகள் வட்டமாக இல்லாமல் கீழ்நோக்கி நீண்டு புளியங்கொட்டை வடிவத்துக்கு வந்திருந்தால், எடை முழுவதையும் போல்ட்டின் தண்டு மட்டும் தாங்கியிருக்கிறது. சின்ன வாஷர் போட்டு இறுக்கியிருப்பார்கள். 24 அங்குல அகலம், 30 அங்குல உயரம், 8 மி.மீ. கனமுள்ள கன்வேயர் பெல்ட் ரப்பர் துண்டு ஒன்று நாலரைக் கிலோ வரை எடை வரும். அதன்மேல் அப்பும் சேறு தனிக் கணக்கு. குழியில் வண்டி குதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த எடை இரண்டு மூன்று துளைகளை இழுக்கிறது. நான் கனமான ரப்பருக்கு மாறியபோது ஏன் சீக்கிரம் பிய்ந்தது என்பது எனக்கு இங்கேதான் விளங்கியது.

துளைகள் நல்லபடி இருக்க, அவற்றுக்குச் சற்றுக் கீழே ரப்பர் ஒரே நேர்க்கோடாக அறுந்திருந்தால் குற்றவாளி பிளாட்டின் அடிவிளிம்பு. ஷியரிங் இயந்திரத்தில் வெட்டிய இரும்பின் விளிம்பு கத்தி போல நிற்கும். ரப்பர் முன்னும் பின்னும் ஆடும்போதெல்லாம் அதே இடத்தில் மடிந்து மடிந்து அறுபடும். விரலை ஓட்டிப் பாருங்கள். விரல் கூசினால் ரப்பரும் கூசும்.

ஓரத்துத் துளை ஒன்று மட்டும் கிழிந்து மற்றவை முழுசாக இருக்கிறதா? அப்படியானால் ஃபிளாப் எதிலோ ஒரு மூலையில் மாட்டி இழுபட்டிருக்கிறது, அல்லது ஹோல்டரின் நுனி தாழ்ந்துபோய் எடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

முதல் இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். ரப்பரை இரண்டு பிளாட்டுகளுக்கு நடுவே சப்பாத்தி போல வைத்துப் பிடிக்க வேண்டும். முன்னால் 50-க்கு 6 மி.மீ. பிளாட், பின்னால் அதேபோல் இன்னொன்று, முழு அகலத்துக்கும். 10 மி.மீ. போல்ட் ஐந்து, நைலான் வளையம் வைத்த நட்டு. ரப்பரின் மேல்விளிம்பிலிருந்து துளை 45 மி.மீ.யாவது கீழே இருக்கட்டும். இரண்டு பிளாட்டின் அடிவிளிம்பையும் கிரைண்டரால் உருட்டிவிடச் சொல்லுங்கள். எனக்கு வெல்டர் அண்ணன் ஒரு 10 மி.மீ. கம்பியை விளிம்போடு ஒட்டிப் பற்றவைத்துக் கொடுத்தார், அது இன்னும் நல்லது. துளையைப் பஞ்ச் வைத்து வட்டமாக அடிக்க வேண்டும். கத்தியால் பெருக்கல் குறி போட்டுப் போல்ட்டைத் திணிப்பவர்களிடமிருந்து ரப்பரைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அந்தக் கீறலின் நுனியில்தான் அடுத்த கிழிசல் பிறக்கும்.

ரப்பரைப் பற்றி ஒரு வார்த்தை. கிரஷர்களில் கழித்த கன்வேயர் பெல்ட் நல்ல ஃபிளாப் ஆகும். உள்ளே இருக்கும் துணி அடுக்கு கிழிசலைத் தடுக்கும். வெட்டிய ஓரத்தில் அந்த அடுக்கு வழியாகத் தண்ணீர் ஏறி நாளடைவில் பிரியும் என்பதால் ஓரத்துக்கு டயர் ஒட்டும் பசை ஒரு கை பூசிவிடுவது நல்லது. எஃகுக் கம்பி கோத்த பெல்ட்டும் பழைய பொருள் கடைகளில் தலைகாட்டும். நெய்வேலி போன்ற பெரிய சுரங்கங்களில் ஓடுகிற வகை அது. பார்க்க யானை போல உறுதியாக இருக்கும், விலையும் ஆசை காட்டும். வாங்காதீர்கள். ஓரத்தில் கம்பி நீட்டிக்கொண்டு டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும்.

ஹோல்டரே வளைந்து தொங்குகிறது

டிப்பருக்கே உரிய வியாதி இது. பிற லாரிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறை வந்தால் நமக்கு மாதத்துக்கு ஒரு முறை வரும்.

வளைந்த ஹோல்டரைக் கழற்றும் முன் எந்தத் திசையில் வளைந்திருக்கிறது என்று பாருங்கள். கீழாகவும் டயர்ப் பக்கமாகவும் வளைந்திருந்தால் ரிவர்ஸில் மாட்டியது. வண்டி பின்னே வரும்போது டயரின் பின்முகம் கீழ்நோக்கிச் சுழல்கிறது. பின்னால் உள்ள மண்மேடோ ஜல்லிக் குவியலோ ஃபிளாப்பின் அடியை டயரோடு சேர்த்து அழுத்திவிட்டால், டயர் அதைக் கரும்பு ஆலை போல உள்ளே இழுத்துவிடும். பின்னோக்கி வளைந்திருந்தால் கதை வேறு. கொட்டிய ஜல்லியில் ஃபிளாப் புதைந்திருக்க, டிரைவர் வண்டியை முன்னே எடுத்திருக்கிறார். மேல்நோக்கி மடங்கியிருந்தால், முன்னே ஓடும்போது டயரில் பட்டு மேலே இழுக்கப்பட்டிருக்கிறது. உரசல் பற்றிய தலைப்பில் அதைப் பார்க்கலாம்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டு வேலைக்கு எம் சாண்ட் கொட்டப் போனபோது என் கண்முன்னாலேயே இது நடந்தது. சந்து குறுகல். முந்தின நாள் வேறு வண்டி கொட்டிய செங்கல் ஜல்லி பின்னால் கிடக்கிறது. பின்னே வா, பின்னே வா என்று மேஸ்திரி கை காட்டுகிறார். வலப்பக்க ஃபிளாப்பின் அடி குவியலைத் தொட்டது, வளைந்தது, டயரோடு ஒட்டியது. அப்புறம் ஒரு "டப்". இறங்கிப் பார்த்தால் ஹோல்டர் முழங்காலில் அடிபட்டவன் போல மடங்கிக் கிடக்கிறது.

"அண்ணே, மெதுவாகத்தான் வந்தேன்" என்றார் டிரைவர்.

மெதுவாக வந்தால் மெதுவாகப் பிய்யும், அவ்வளவுதான். வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஃபிளாப் அந்த நேரத்தில் அங்கே தொங்கியதுதான் கோளாறு.

ஆகவே முதல் மருந்து, கொட்டும் இடத்தில் ஃபிளாப்பைத் தூக்கிக் கட்டுவது. அடி மூலைக்குச் சற்று மேலே ஒரு வளையம், அதில் இரண்டடிச் சங்கிலி, சேஸிலோ தொட்டிக்குக் கீழான சட்டத்திலோ ஒரு கொக்கி. தொட்டியோடு சேர்ந்து அசையும் பாகத்தில் கொக்கியை வைக்காதீர்கள். தொட்டி தூக்கும்போது ஃபிளாப்பையும் பிடுங்கும். கொட்டி முடித்தபின் இறக்கிவிட மறப்பதுதான் இதில் உள்ள தொல்லை. ஃபிளாப் தூக்கியபடியே நெடுஞ்சாலையில் வந்தால் பின்னால் வரும் காரின் கண்ணாடிக்கு யார் பதில் சொல்வது? நான் கொக்கிக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து, டிரைவர் பக்கக் கண்ணாடியில் தெரியும் இடத்தில் வைத்திருக்கிறேன். இடப்பக்கக் கொக்கியை இன்னும் மறக்கிறார்கள்.

இரண்டாவது மருந்து எனக்குப் பிடித்தது. ஹோல்டரைச் சேஸ் தகட்டோடு இரண்டு போல்ட்டால் மாட்டுகிறோம் அல்லவா? ஒன்றை 12 மி.மீ. உறுதியான போல்ட்டாகவும், மற்றதைத் தலையில் எந்த எண்ணும் அச்சிடாத சாதாரண 6 மி.மீ. போல்ட்டாகவும் போடுங்கள். டயர் இழுக்கும்போது சின்னது அறுந்துவிடும். ஹோல்டர் பெரிய போல்ட்டில் கீல் போல் சுழன்று தப்பித்துக்கொள்ளும். இரண்டு நிமிடத்தில் புதுப் போல்ட் போட்டுவிட்டுக் கிளம்பலாம். கேபினில் ஒரு டப்பாவில் பத்து வைத்திருந்தால் போதும். ஹோல்டர் சாலையில் கழன்று விழாதபடி ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் கட்டாயம் இருக்க வேண்டும். அந்தச் சங்கிலி இல்லாமல் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

அடியில் சுருள்வில் வைத்த ஹோல்டர் மூன்றாவது. எந்தப் பக்கம் வளைத்தாலும் நிமிர்ந்துவிடும். நெடுஞ்சாலை வண்டிக்கு அருமையான பொருள். குவாரி வண்டிக்கு? கல் தூள் சுருளுக்குள் புகுந்து, மழையில் சிமென்ட் போல இறுகி, வில் அசையாமல் போய்விடுகிறது. இரண்டு ஜோடி வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஃபிளாப் டயரில் உரசுகிறது

ரப்பரின் டயரைப் பார்த்த முகத்தில் வழவழப்பாகத் தேய்ந்த ஒரு பகுதி இருக்கும். அது எந்த உயரத்தில் இருக்கிறது என்பதே பதில். மேலே இருந்தால் ஹோல்டர் டயருக்கு மிக அருகில் நிற்கிறது. லோடு ஏறும்போது டயர் சேஸை நோக்கி உயரும், பள்ளத்தில் பின் அச்சுகள் இரண்டும் ஏற்றம் இறக்கமாக ஆடும். அதற்கெல்லாம் இடம் விட்டிருக்க வேண்டும். ஒரு மூலையில் மட்டும் என்றால் கை தாழ்ந்திருக்கிறது. அடியில் இருந்தால் ரப்பர் சுருண்டிருக்கிறது. கன்வேயர் பெல்ட் பல காலம் உருளையில் சுற்றி ஓடியது, அந்த வளைவை அது மறப்பதில்லை. கழற்றித் திருப்பி, வளைவு டயருக்கு எதிர்ப்பக்கமாக வரும்படி மாட்டினாலே போதும். செலவில்லாத வைத்தியம்.

காலி வண்டி வேகமாகப் போகும்போது ஃபிளாப் காற்றில் கொடி போலப் பின்னே பறப்பது உரசல் இல்லையென்றாலும் அதே தீமைதான். கல்லைத் தடுக்க அங்கே ஆள் இல்லை. சிலர் அடியில் இரும்புப் பட்டையோ குரோம் எடைத் தகடோ வைக்கிறார்கள். பார்க்க அழகுதான். டிப்பரில் வேண்டாம். ரிவர்ஸில் டயர் ஃபிளாப்பைக் கவ்வும்போது அந்த இரும்பும் டயருக்கு அடியில் போகும். ஒரு டயர் விலைக்கு எத்தனை எடைத் தகடு வாங்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பதில் ரப்பரின் மேல் மூன்றில் ஒரு பங்கு வரை பின்னாலிருந்து தாங்கும்படி ஹோல்டரிலிருந்து இரண்டு கம்பிகளை இறக்கிவிட்டால் பறப்பது அடங்கிவிடும்.

வெல்டு விட்டுப்போகிறது

வெல்டு நடுவில் விட்டிருந்தால் வேலை மோசம். வெல்டுக்குப் பக்கத்தில் இரும்பே விரிசல் கண்டிருந்தால் அமைப்பு மோசம். ஒரு முனையில் மட்டும் பிடித்த இரண்டடிக் கை, நுனியில் எடையோடு நாள் முழுதும் ஆடினால் வேர்ப் பக்கம்தான் முதலில் களைக்கும். முக்கோணத் தகடு ஒன்றை வேரில் வைத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள்.

சேஸில் நேராக வெல்டு வைக்க மட்டும் யாரையும் விடாதீர்கள். சூட்டில் சேஸ் இரும்பின் குணம் மாறும், விரிசல் அங்கிருந்து கிளம்பும். சேஸின் மேல், கீழ் விளிம்புகளில் புதுத் துளை போடுவதும் அதே தவறு. சேஸின் செங்குத்தான பக்கத்தில் ஏற்கெனவே உள்ள துளைகளில் ஒரு தகட்டைப் போல்ட் போட்டு, அந்தத் தகட்டில் என்ன வேண்டுமானாலும் பற்றவைத்துக்கொள்ளலாம். முடிந்தால் தகட்டைக் கழற்றிக் கீழே வைத்து வெல்டு செய்யுங்கள். 2020 ஏப்ரல் 1-க்குப் பின் பதிவான பி.எஸ்.6 (புகை அளவுத் தரம்) வண்டிகளில் கணினிப் பெட்டியும் சென்சார்களும் நிறைய. வண்டியில் வைத்தே வெல்டு செய்வதானால் பேட்டரி இணைப்பைக் கழற்றி, எர்த் கிளாம்பை வெல்டு செய்யும் இடத்துக்கு ஒட்டினாற்போல் மாட்ட வேண்டும்.

ஆறே மாதத்தில் துருப் பிடிக்கிறது

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே ஓடும் வண்டிக்கு உப்புக் காற்றிலிருந்து விடுதலை கிடையாது. பளபளவென்று மின்னும் துத்தநாகப் பூச்சு மெல்லியது. ஒரு மழைக்காலம் தாண்டாது. உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது மங்கலான சாம்பல் நிறமாக, அழகில்லாமல் இருக்கும். அதை எடுங்கள். அதில் பிறகு துளை போட்டால் அந்தத் துளையின் வாய்க்குத் துத்தநாகப் பெயிண்ட் அடியுங்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குபவர்கள் காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டு "ஒட்டவில்லை, அசல்" என்று திருப்தியடைவதைப் பார்த்திருக்கிறேன். 202 தரமும் காந்தத்தில் ஒட்டாது, 304 தரமும் ஒட்டாது. கடற்காற்றில் 202 பழுப்பேறும், 304 அதைவிட நன்றாகத் தாங்கும். காந்தத்தை நம்பாமல் தரத்தைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அலங்கார விளக்கு அணைகிறது, பேட்டரி சாகிறது

மாட்டிய உடனே "பட்" என்று போய்விட்டதா? அது 12 வோல்ட் விளக்கு. நம் கனரக வண்டிகள் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டில் ஓடுகின்றன. அமெரிக்க லாரிகள் 12 வோல்ட்டில் ஓடுகின்றன. இணையத்தில் ஹோல்டரோடு சேர்ந்து வரும் விளக்குகளின் வம்பு இதுதான். கார்களுக்கான எல்இடி பட்டையும் அப்படியே.

விளக்கு ஒழுங்காக எரிகிறது, ஆனால் சில மாதத்தில் ஒரு பேட்டரி மட்டும் செத்துப்போகிறது என்றால் இன்னும் சுவையான கதை. யாரோ புத்திசாலி எலெக்ட்ரீஷியன் 12 வோல்ட் வேண்டும் என்பதற்காக ஒரே ஒரு பேட்டரியிலிருந்து வயர் இழுத்திருக்கிறார். அந்த ஒன்று தினமும் கூடுதலாக இறங்குகிறது, சார்ஜ் இரண்டுக்கும் சேர்ந்தே ஏறுகிறது. ஒன்று பட்டினி, மற்றது அஜீரணம். பேட்டரிகளுக்கு நடுவிலுள்ள இணைப்புக் கட்டையில் கூடுதலாக ஒரு வயர் நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைக் கழற்றிவிட்டு 24-லிருந்து 12-க்கு மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்று போடுங்கள், அல்லது 24 வோல்ட் விளக்காகவே வாங்குங்கள்.

மினுக்கினால் எர்த்தைப் பாருங்கள். பத்துக்கு எட்டு முறை பெயிண்ட்டின் மேலேயே திருகை வைத்து முறுக்கியிருப்பார்கள். சுரண்டி, இரும்பு தெரியவைத்து, இறுக்கியபின் கிரீஸ் பூசுங்கள். விளக்குக்கென்று தனி ஃபியூஸ் இல்லாத அலங்காரம் எதையும் நான் வண்டியில் ஏற்றுவதில்லை. ஆடும் ஹோல்டரில் விளக்கு மாட்டுவதானால் வயரைக் கொஞ்சம் தளர்வாக, ஒரு சுற்று வளைத்து விட வேண்டும். விறைப்பாக இழுத்துக் கட்டிய வயர் செப்புக் கம்பி தேய்ந்து உள்ளுக்குள்ளேயே அறுந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது.

எழுத்து உதிர்கிறது, ஸ்டிக்கர் உரிகிறது

ஃபிளாப்பில் குலதெய்வத்தின் பெயர், பிள்ளைகளின் பெயர், "அம்மா ஆசி" எழுதுவது நமக்கெல்லாம் ஆசை. எனாமல் பெயிண்ட் காய்ந்தால் விறைத்துவிடும், ரப்பரோ நாள் முழுதும் வளையும். செதில் செதிலாக உதிராமல் என்ன செய்யும்? அலுமினிய எழுத்துகளை ரிவெட் அடித்தால் ஒவ்வொரு ரிவெட்டும் ஒரு கிழிசலுக்கு அச்சாரம். அலுமினியத்தை எஃகுத் திருகால் மாட்டினால் உப்புக் காற்றில் வெள்ளைப் பொடி பூத்து எழுத்து அரித்துப்போகும். நான் அலங்காரத்தை எல்லாம் ரப்பரிலிருந்து எடுத்து, மேலே பிடிக்கும் பின்பக்கப் பிளாட்டுக்கு மாற்றிவிட்டேன். அகலம் கூட்டி 100 மி.மீ. பிளாட்டாகப் போட்டதில் என் மகளின் பெயர் நான்கு ஆண்டாக நிற்கிறது. ரப்பரில்தான் எழுத வேண்டும் என்று பிடிவாதம் உள்ளவர்கள் பிளாஸ்டிக் பம்பருக்கு அடிக்கும் நெகிழ்வான பெயிண்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.

எல்லோரும் ரேடியம் என்று சொல்லும் ஒளிப் பட்டை வேறு விஷயம். அது அலங்காரம் இல்லை, கட்டாயம். முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு. பட்டையிலேயே ஏ.ஐ.எஸ். 090 தரக்குறி அச்சாகியிருக்க வேண்டும். சீக்கிரம் உரிந்தால் பெரும்பாலும் தூசியின்மேல் ஒட்டியிருப்பார்கள். கழுவி, காயவைத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, வெயில் தணிந்தபின் ஒட்டுங்கள். துருவின்மேலும் மடிப்பின்மேலும் ஒட்டாது; அந்த இடத்தில் வெட்டிவிட்டு அடுத்து தொடங்குங்கள். ஃபிளாப் எறியும் சேறு கீழ்ப் பட்டையை மூடிவிடுகிறது என்பதால் மார்கழிப் பனியில் கிளம்பும் முன் ஒரு துணியால் துடைப்பதை டிரைவரிடம் சொல்லிவையுங்கள்.

வீல் நட்டுத் தொப்பிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன

போகட்டும். குரோம் தொப்பி நட்டை மறைக்கிறது. நட்டு தளர்ந்தால் அதைச் சுற்றி விசிறிபோல் துருக் கோடு விழும். தினமும் வண்டியைச் சுற்றிவரும் டிரைவர் அதைப் பார்த்துத்தான் எச்சரிக்கையாவார். தொப்பிக்குப் பதில் சுட்டுவிரல் போல நுனி நீண்ட மஞ்சள் பிளாஸ்டிக் காட்டிகள் கிடைக்கின்றன. பக்கத்துப் பக்கத்து நட்டுகளின் நுனிகள் ஒன்றையொன்று பார்க்கும்படி மாட்டினால், ஒன்று திரும்பினாலும் தூரத்திலிருந்தே தெரியும். பார்வைக்கும் குறைவில்லை.

எஃப்.சி.யில் திருப்பி அனுப்புகிறார்கள்

எஃப்.சி. என்னும் வண்டித் தகுதிச் சான்றுக்கான ஆய்வில் பல குரலில் பாடும் ஏர் ஹாரன் முதலில் போகும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 119-ஆம் விதி அதை அனுமதிப்பதில்லை. முன்பக்கம் சிவப்பு விளக்கு, எங்கேயானாலும் சுழலும் நீலம், இரண்டும் கழற்ற வேண்டியவை. விளக்குக் கண்ணாடிமேல் ஒட்டிய நிறத்தாள் உரிக்க வேண்டியது. பின் ஃபிளாப் இல்லாமல் போய் நின்றால் கேள்வி வரும். கடன் வாங்கிய ஃபிளாப்பைக் கம்பியால் கட்டிக்கொண்டு போய் நின்ற ஒருவரை எனக்குத் தெரியும், ஆய்வாளர் காலால் ஒரு தட்டுத் தட்டினார், விழுந்துவிட்டது.

குஞ்சம், கறுப்புக் கயிறு, திருவக்கரை வக்ரகாளியம்மன் கோயிலில் வாங்கிக் கட்டிய எலுமிச்சை மாலை, இவற்றை இதுவரை யாரும் அவிழ்க்கச் சொன்னதில்லை. பின்னால் கட்டும்போது மட்டும் நம்பர் பலகையின்மீதும் பிரேக் விளக்கின்மீதும் தொங்காமல் ஒரு கொக்கி தள்ளிக் கட்டுங்கள். ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்றை மறுநாள் காலையிலேயே அவிழ்த்துவிடுங்கள். போன ஆண்டு புதுச்சேரி எல்லையிலுள்ள முள்ளோடை வரை போய் டீசல் போட்டுக்கொண்டு திரும்பிய பிறகுதான், இடப்பக்கக் கன்று ஃபிளாப்போடு சேர்ந்து டயரில் உரசிக்கொண்டே வந்திருப்பதைப் பார்த்தோம்.